உடலை வளர்த்தது யாருக்காக?

உடலைத் திட்டமிட்டுப் பயிற்றி, அதன் வலிமையையும் வடிவையும் படிப்படியாக உயர்த்தும் முயற்சிக்குத் தமிழில் தேகாப்பியாசம், உடற்பயிற்சி, உடல்வளக் கலை எனக் காலத்துக்கொரு பெயர் வழங்கிவந்துள்ளது. தெருவுக்குத் தெரு கண்ணாடிச் சுவர்களோடு நிற்கும் இன்றைய ‘ஜிம்’களைக் காண்போர், இது மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கிய பழக்கம் என்றோ, நம் முன்னோர் எல்லாவற்றையும் முன்பே செய்து முடித்துவிட்டனர் என்றோ ஏதேனும் ஒரு முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். வரலாறு இவ்விரண்டுக்கும் இடங்கொடுப்பதில்லை. பெர்லின் நகரத் திடலும் வடநாட்டு மல்லர் கூடமும் லண்டன் நாடக மேடையும் சென்னைக் கல்லூரி மைதானமும் கடந்த இருநூறு ஆண்டுகளாக ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியே வளர்ந்திருக்கின்றன. இதைவிடக் கவனிக்கத்தக்க வேறொன்றும் உண்டு. அந்த இருநூறு ஆண்டுகளின் பெரும்பகுதியில், உடலைப் பயிற்றுமாறு மக்களைத் தூண்டியவர்கள் அந்த உடல் படைக்கோ, பேரரசுக்கோ, விடுதலைப் போருக்கோ, விற்பனைக்கோ தேவைப்பட்டதால்தான் தூண்டினார்கள். பயிற்சி செய்பவரின் சொந்த ஆயுளுக்கு அதனால் என்ன பயன் என்ற கேள்விக்கு எண்களோடு கூடிய உறுதியான விடை 1953-இல்தான் கிடைக்கத் தொடங்கியது.

பயிற்சி உடலுக்கு நல்லது என்ற எண்ணம் பழமையானதுதான். ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை, உடற்பயிற்சியைத் தனியே எடுத்துப் பேசி, ஒருவர் தம் ஆற்றலில் பாதியளவுக்கே பயில வேண்டும் என்று வரம்பு கட்டுகிறது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென், சிறு பந்தைக் கொண்டு ஆடும் பயிற்சியைப் புகழ்ந்து ஒரு தனி நூல் எழுதியவர்; அளவுக்கு மீறி உண்டு, உறங்கி, உடலைப் பெருக்கிய தொழில்முறை மல்லர்களின் வாழ்க்கையை நலவாழ்வுக்கு மாதிரியாகக் கொள்ளக்கூடாது என்று கடிந்தவரும் அவரே. 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், அரண்மனை மல்லர்களின் பயிற்சியையும் உணவையும் விவரிக்கிறது. 1569-இல் இத்தாலிய மருத்துவர் மெர்க்கூரியாலே, பண்டைய கிரேக்க, ரோமப் பயிற்சி முறைகளைத் திரட்டி ஒரு பெருநூல் வெளியிட்டார். மருத்துவர்கள் இவ்வாறு அளவோடு பேசினார்கள் எனினும், பயிற்சிக் கூடங்களுக்குப் பொருள் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அரசர்களும் படைத்தலைவர்களுமாகவே இருந்தனர்.

இந்தியத் துணைக்கண்டத்தில் அக்கூடங்கள் வடக்கே அகாரா என்றும், தெற்கே தாலிம்கானா என்றும், மல்யுத்தம் நிகழும் மண்பரப்பு கோதா என்றும் வழங்கப்பட்டன. அங்கே கருவிகள் குறைவு. உடலின் எடையே முதன்மைக் கருவி. உள்ளங்கைகளையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, மார்பு தரையை உரசுவதுபோல் முன்னே வழிந்து எழும் தண்டாலும், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் பஸ்கியும் பயில்வான்களின் அன்றாடப் பாடங்கள். தமிழகச் சிற்றூர்களில் இவற்றோடு சிலம்பமும், உருண்டைப் பாறையைத் தரையிலிருந்து தோள்வரை ஏற்றி எறியும் இளவட்டக்கல்லும் இருந்தன. மல்லர்களின் வலிமை நாட்டெல்லை கடந்து அறியப்பட்டதும் உண்டு. 1910 செப்டம்பரில் லண்டனில் காமா பயில்வானை எதிர்த்த போலந்து மல்லர் ஸ்பிஸ்கோ, நெடுநேரம் தரையோடு ஒட்டிக் கிடந்தே தோல்வியைத் தவிர்த்து, மறுவாரம் நடக்கவிருந்த போட்டிக்கு வராமலே போனார். காமா நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பஸ்கி எடுத்தார் என்ற கணக்குகள் சொல்வோருக்கு ஏற்ப மாறுகின்றன. எண்ணிக்கை எதுவாயினும், எடைக்கருவி இல்லாமலே உலகத் தரமான வலிமையை வளர்க்க முடிந்தது என்பதில் ஐயமில்லை.

இக்கூடங்களின் கருவிகளில் கர்லாக்கட்டையின் பயணம் தனியே சொல்லத்தக்கது. கைப்பிடி மெலிந்தும் அடிப்பகுதி பருத்தும் கடையப்பட்ட மரக்கட்டை அது. பயில்பவர் அதை மார்புக்கு முன்னே நிமிர்த்திப் பிடித்து, தோளுக்கு மேலே கொண்டுசென்று, முதுகுப்புறம் தொங்கவிட்டு, தலையைச் சுற்றி வீசி, மீண்டும் தொடங்கிய இடத்திலேயே நிறுத்துகிறார். எடை கையை விட்டு விலகி நுனியில் திரண்டிருப்பதால், நிலையாகப் பிடித்தபோது எளிதாகத் தோன்றும் கட்டை, சுழலும்போது பல மடங்கு இழுக்கிறது. அந்த இழுப்பைத் தோளும் பிடியும் மட்டுமன்றி, வயிறும் முதுகும் பாதமும் சேர்ந்து தாங்க வேண்டியிருக்கிறது. தோள்மூட்டு எத்தனை திசைகளில் திரும்பக் கூடுமோ அத்தனை திசைகளிலும் அதைத் திருப்பும் பயிற்சிகள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் இதைக் கண்டு வியந்து, தங்கள் வீரர்களின் பயிற்சியில் சேர்த்துக்கொண்டனர். 1834-இல் லண்டனில் டொனால்டு வாக்கர் என்பவர் வெளியிட்ட ஆண்மைப் பயிற்சி நூலில் இந்தியக் கட்டை இடம்பெற்றது. 1866-இல் நியூயார்க்கின் கிஹோ அதற்கென்றே தனி நூல் எழுதி, கட்டைகளையும் செய்து விற்றார். கடல் கடந்தபோது அதன் எடை குறைந்தது. மல்லர் தூக்கிச் சுழற்றிய கனமான கட்டை, வகுப்பறைப் பெண்களும் அலுவலக ஊழியர்களும் இசைக்கு ஏற்ப அசைக்கக்கூடிய மெல்லிய கட்டையாயிற்று. 1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும் 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கட்டை சுழற்றுதல் பதக்கத்துக்குரிய போட்டியாகவே நடந்தது. 1932-இல் தங்கம் வென்ற ஜார்ஜ் ராத், பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையிழந்திருந்த அமெரிக்கர். இன்றைய சீரிசை ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் பெண்கள் மேலெறிந்து பிடிக்கும் இணைக்கட்டைகள் இதே மரபின் வழித்தோன்றல்கள். கோதாவிலிருந்து புறப்பட்ட கருவி, ஐரோப்பிய ஒழுங்கை ஏற்று, பள்ளி ‘டிரில்’ வகுப்பின் வழியே இந்தியச் சிறுவர்களிடம் திரும்பி வந்தபோது அதை ஆங்கிலப் பயிற்சி என்று கருதியோரும் இருந்தனர்.

ஐரோப்பாவில் உடற்பயிற்சி ஓர் இயக்கமாக எழுந்ததற்குப் போர்த் தோல்வியே உடனடிக் காரணம். 1806-இல் யேனா என்னுமிடத்தில் நெப்போலியனிடம் பிரஷ்யா தோற்றது. அந்த அவமானத்தின் பின்னணியில் ஃபிரெட்ரிக் லுட்விக் யான் என்ற ஆசிரியர் 1811-இல் பெர்லினின் ஹாசன்ஹைட வெளியில் திறந்தவெளிப் பயிற்சித் திடலை அமைத்தார். இணைக்கம்பி, கிடைக்கம்பி முதலிய கருவிகளில் இளைஞர் ஏறி இறங்கிப் பயின்றது வெறும் உடல்நலத்துக்காக அன்று; சிதறிக் கிடந்த ஜெர்மானிய நாடுகளை ஒன்றாக்கும் படையை அவர் அங்கே கனவு கண்டார். அரசுக்கும் அது புரிந்தது. 1819-இல் யான் கைது செய்யப்பட்டார். பிரஷ்யாவில் திடற்பயிற்சி 1820 முதல் 1842 வரை தடை செய்யப்பட்டிருந்தது. கம்பியில் தொங்குவதற்குக்கூட ஓர் அரசு அஞ்சியது என்பது, உடற்பயிற்சி எவ்வளவு அரசியலாக இருந்தது என்பதைக் காட்டப் போதும். ஸ்வீடனில் 1813-இல் ஸ்டாக்ஹோம் நிறுவனத்தைத் தொடங்கிய லிங், கருவிகளைக் குறைத்து, கட்டளைக்கேற்பக் கை கால்களை ஒழுங்காக அசைக்கும் முறையை வகுத்தார். பள்ளி மைதானத்தில் ‘ஒன்று, இரண்டு’ என்ற குரலுக்கு மாணவர் வரிசையாகக் கையுயர்த்தும் காட்சி அவரிடமிருந்து வந்தது.

இங்கிலாந்தில் ஆர்ச்சிபால்டு மக்லாரன் ஒரு படி மேலே சென்று, பயிற்சியின் விளைவை நாடாவால் அளந்தார். 1860-களின் தொடக்கத்தில் படையிலிருந்து பன்னிரண்டு கீழ்நிலை அதிகாரிகள் ஆக்ஸ்போர்டில் இருந்த அவருடைய கூடத்துக்கு அனுப்பப்பட்டனர். உயரமும் குட்டையுமாக, வலியவரும் மெலியவருமாகக் கலந்திருந்த அவர்களுக்கு ஏறத்தாழ எட்டு மாதம் பயிற்சி அளித்து, எடை, மார்பளவு, முன்கை, மேற்கை ஆகியவற்றை முன்னும் பின்னும் குறித்துவைத்தார். நான்காம் மாதம் முடிவதற்குள் சிலரால் பிறர் உதவியின்றித் தங்கள் சீருடைக்குள் நுழைய முடியவில்லை என்றும், நுழைந்தாலும் முன்புறம் கையகல இடைவெளி விட்டு நின்றது என்றும் அவர் எழுதுகிறார். மெலிந்தவருக்கும் வலியவருக்கும் ஒரே எடையைக் கொடுக்காமல் ஆளுக்கேற்ப அளவைக் கூட்டிச் சென்றதே அவரது முறையின் சிறப்பு. ஆயினும் அந்த அளவீட்டுக்குப் பணம் கொடுத்தது படை என்பதையும் மறப்பதற்கில்லை.

உடற்பயிற்சியைப் படைவெளியிலிருந்து கடைவீதிக்குக் கொண்டுவந்தவர் ஆய்கன் சாண்டோ. 1867-இல் அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்கில் பிறந்து, 1889-இல் லண்டன் மேடையில் ஒரு புகழ்பெற்ற பலசாலியை வென்று பெயரெடுத்து, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியின்போது அமெரிக்கரை மயக்கிய அவர், 1894-இல் எடிசனின் படக்கருவிக்கு முன் தசைகளை முறுக்கிக் காட்டி, உலகின் தொடக்ககாலப் படச்சுருள்களிலும் இடம்பெற்றார். அவருக்கு முன்னிருந்த பலசாலிகள் எவ்வளவு தூக்கினார்கள் என்பதற்காகவே மக்கள் சீட்டு வாங்கினர். சாண்டோவிடம் அவர் எப்படித் தோற்றமளித்தார் என்பதற்காக வாங்கினர். இந்த மாற்றத்தை அவர் உடனே உணர்ந்துகொண்டார். 1897-இல் லண்டனில் பயிற்சி நிலையம், 1898-இல் மாத இதழ், அஞ்சல்வழிப் பாடம், கைப்பிடியில் விற்சுருள் பொருத்திய டம்பெல், பின்னாளில் சாண்டோ கோகோ என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சரக்குகள் வந்தன. 1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அவர் நடத்திய போட்டியே முதல் பெரிய ஆணழகன் போட்டி எனக் கருதப்படுகிறது. நடுவர்களுள் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில். பெருத்த தசைக்கு அன்றி, உறுப்புகளின் இசைவுக்கும் பொதுவான உடல்நலத்துக்குமே பரிசு என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இன்றைய மேடைகளைப் பார்க்கும்போது அந்த விதி எவ்வளவு விரைவில் மறக்கப்பட்டது என்ற எண்ணமே எழுகிறது.

1904-05-இல் சாண்டோ இந்தியா வந்தபோது, கல்கத்தாவிலும் பம்பாயிலும் அவரைக் காணக் கூட்டம் திரண்டது. அதன் பின் அவர் பெயரே நாடெங்கும் பலசாலிகளின் பட்டமாயிற்று. கோயம்புத்தூரில் உடலை வளர்த்து, பின்னர்த் தேவர் பிலிம்ஸ் நிறுவிய சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் தமிழர் இன்றும் அதைக் கேட்கின்றனர்.

அந்த வரவேற்புக்குக் காரணம் வெறும் வேடிக்கை விருப்பம் அன்று. இந்தியர், குறிப்பாகப் படித்த வங்காளியர், உடலால் மெலிந்தவர், ஆகவே ஆளத் தகுதியற்றவர் என்ற பழியை ஆங்கில ஆட்சி நெடுநாள் பரப்பிவந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது தங்கள் நாட்டு ஏழை இளைஞரிலேயே பெருந்தொகையினர் தகுதியற்றவராகத் திருப்பியனுப்பப்பட்டதும், 1903-இல் உடற்சீர்கேட்டை ஆராய ஒரு குழுவே அமைக்க நேர்ந்ததும் அந்தப் பழியைச் சுமத்தியவர்களின் நாவை அடக்கவில்லை. பழிக்கு விடை உடலாலேயே தரப்பட வேண்டும் என்று இந்தியத் தலைவர்கள் கருதினர். 1897-இல் சென்னையில் ஆற்றிய உரையொன்றில் விவேகானந்தர், இளைஞர்கள் கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் விண்ணுலகத்துக்கு நெருக்கமாவார்கள் என்ற கருத்தைச் சொன்னார். வங்காளத்தில் சரளா தேவி சௌதராணி வாளும் கம்பும் பயிலும் குழுக்களை ஊக்கினார். 1902-இல் கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கழகமாகத் தொடங்கிய அனுசீலன் சமிதி, சில ஆண்டுகளில் ஆயுதப் புரட்சி இயக்கமாகவே மாறியது. 1914-இல் அமராவதியில் தோன்றிய ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலம், 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது கபடியை அந்நகரில் நிகழ்த்திக் காட்டியது. யானின் திடலைக் கண்டு பிரஷ்யா அஞ்சியதுபோலவே, தண்டால் எடுக்கும் இளைஞர் கூட்டத்தை ஆங்கிலக் காவல்துறையும் ஐயத்தோடு பார்த்தது.

தேசிய உணர்வு மேலோங்கிய அந்நாளிலும் பயிற்சி முறைகள் கலப்பதை நிறுத்தவில்லை. மராட்டியப் பகுதியிலிருந்த ஔந்து சமஸ்தானத்தின் அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி, இளமையில் சாண்டோவின் கருவிகளைக் கொண்டே பயின்று, பின்னர் அவற்றை விட்டுச் சூரிய நமஸ்காரத்துக்கு மாறி, அதைத் தம் பள்ளிகளில் கட்டாயமாக்கினார். 1938-இல் அவரது முறையை விளக்கும் நூல் லண்டனிலேயே வெளிவந்தது. பெங்களூரில் ஹெர்குலஸ் ஜிம்னாசியம் நடத்திய கே. வி. ஐயர், பார்பெல்லையும் ஆசனத்தையும் சூரிய நமஸ்காரத்தையும் ஒரே பாடத்திட்டத்தில் இணைத்து, அஞ்சல் வழியாகவும் கற்பித்தார். அவர் கன்னடத்தில் ‘சாந்தலா’ என்ற வரலாற்று நாவலை எழுதியவர் என்பதும் குறிக்கத்தக்கது. தசை வளர்ப்பவருக்கு எழுத்து வராது என்ற எள்ளலுக்கு அந்த ஒரு நூல் போதிய மறுப்பு. அதே காலத்தில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில், மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவோடு யோகசாலை நடத்திய கிருஷ்ணமாச்சாரியார், ஆசனங்களை மூச்சோடு கோத்துத் தொடராகச் செய்யும் முறையைச் சிறுவர்களுக்குக் கற்பித்தார். பின்னாளில் சென்னையில் குடியேறி 1989 வரை வாழ்ந்த அவருடைய மாணவர்கள் வழியாகவே இன்றைய உலகம் அறிந்த யோகப் பயிற்சியின் பெரும்பகுதி பரவியது. வங்காளத்தின் மனோகர் ஐச், ஆங்கில அதிகாரியை அடித்ததற்காகச் சிறை சென்று, அங்கே கருவியின்றிப் பயின்று, 1952-இல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார். ஐந்தடி உயரம்கூட இல்லாத அவர் 104 வயதில் 2016-இல் காலமானார்.

சென்னைக்கு இவ்வரலாற்றில் உரிய இடம் 1920-இல் கிடைத்தது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் அவ்வாண்டில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஐந்து மாணவர்களோடு உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அத்தகைய முதல் நிறுவனம் எனச் சொல்லப்படும் அது, இன்று நந்தனத்தில் பரந்த மைதானங்களோடு விளங்கும் கல்லூரி. அதுவரை பள்ளிகளில் இருந்தவர் பெரும்பாலும் படையிலிருந்து ஓய்வுபெற்ற ‘டிரில் மாஸ்டர்’. மாணவரை வரிசையில் நிறுத்துவதும் திருப்புவதும் அதட்டுவதுமே அவர் அறிந்த கல்வி. பக், உடலியலும் உளவியலும் விளையாட்டு விதிகளும் கற்ற ஆசிரியரை அந்த இடத்தில் அமர்த்த விரும்பினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் அவரே. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பி.இ.டி. என்று அழைக்கப்படும் உடற்கல்வி ஆசிரியரின் மரபு அவரிடமிருந்தே தொடங்குகிறது எனலாம்.

இதற்கிடையே பயிற்சியின் உள்விதி ஒன்று தெளிவாகிக்கொண்டிருந்தது. கிரேக்க மல்லன் மைலோ ஒரு கன்றை நாள்தோறும் தூக்கி, அது வளர வளர அவனும் வலிமை பெற்று, இறுதியில் முழு வளர்ச்சியடைந்த காளையையே சுமந்தான் என்பது பழங்கதை. 1902-இல் பிலடெல்பியாவின் ஆலன் கால்வர்ட், எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டத்தக்க பார்பெல்லைச் செய்து, அந்த மல்லனின் பெயரையே தம் நிறுவனத்துக்கு வைத்தார். ஆயினும் மருத்துவர்கள் எடைதூக்குதலை ஐயத்தோடே பார்த்தனர். இதயம் வீங்கும், தசை இறுகும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் முழங்கால் உடைந்த வீரர்களால் அமெரிக்கப் படை மருத்துவமனைகள் நிரம்பியபோது, தாமே எடைதூக்கிப் பழகியிருந்த இளம் மருத்துவர் தாமஸ் டிலோர்ம், அவர்களுக்கு ஏறுமுக எடைப் பயிற்சியை அளித்து, 1945-இல் முடிவுகளை வெளியிட்டார். தொடக்கத்தில் எழுபது, எண்பது முறை தூக்கச் சொன்ன அவர், பின்னர் அதைப் பத்துப் பத்தாக மூன்று சுற்று என்று குறைத்தார். இன்று எந்த ஜிம்முக்குப் போனாலும் பயிற்சியாளர் முதல் நாளில் சொல்லும் ‘பத்து ரெப், மூன்று செட்’ என்ற கணக்கு ஊன்றுகோலோடு நடந்த நோயாளிகளுக்காக வகுக்கப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே.

உடல் உழைப்புக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை எண்களால் நிறுவியவர் ஜெரி மாரிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் மாரடைப்பு பெருகிவந்த காரணத்தைத் தேடிய அவர், லண்டன் மாடிப் பேருந்துகளில் தமக்கான ஆய்வுக்கூடத்தைக் கண்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள், ஒரே ஊதிய நிலையினர், ஒரே வண்டியில் ஒரே புகையைச் சுவாசிப்பவர்கள், வேறுபாடு ஒன்றுதான். ஓட்டுநர் வேலை நேரத்தில் பெரும்பகுதி அமர்ந்தே இருந்தார். நடத்துநர் பயணச்சீட்டுக் கொடுக்க ஒரு நாளில் ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்கினார். 1953-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவின்படி, நடத்துநர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவாகவும், வந்தாலும் பிற்பட்ட வயதிலும் மென்மையாகவும் வந்தது. உடனடி மரணம் ஓட்டுநரிடம் ஏறக்குறைய இரு மடங்கு. அஞ்சல் துறையிலும் நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசென்றவர், மேசையில் அமர்ந்த எழுத்தரைவிட நலமாயிருந்தார்.

கொழுத்தவர்களே ஓட்டுநர் வேலையைத் தேர்ந்துகொண்டிருக்கலாமே என்ற எதிர்க்கேள்வி இயல்பாக எழுந்தது. மாரிஸ் அதற்கு அஞ்சாமல், நிறுவனம் தைத்துக்கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுப் பதிவேட்டைப் புரட்டி, ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பு உண்மையிலேயே பெரிதாக இருந்தது என்று 1956-இல் தாமே அறிவித்தார். தம் முடிவுக்கு எதிராகப் போகக்கூடிய சான்றைத் தேடிச் சென்று வெளியிட்ட அந்த நேர்மை, உடல்நல ஆய்வுகளில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று. பின்னர் இடுப்பளவு எதுவாயினும் நடத்துநருக்கு நோய் குறைவு என்பதும், மேசை வேலை செய்யும் அரசு ஊழியர்களிலும் ஓய்வுநேரத்தில் மூச்சிரைக்கப் பயில்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதும் தெளிந்தன. படைக்கோ மேடைக்கோ தொடர்பில்லாத, எவரும் கைதட்டாத அசைவு உயிர் காக்கிறது என்பதே அக்கண்டுபிடிப்பின் சாரம். மாரிஸ் தொண்ணூற்றொன்பது வயதுவரை வாழ்ந்து 2009-இல் மறைந்தார்.

அசைவு எவ்வாறு காக்கிறது என்பதை உடலியல் பின்னர் விளக்கியது. சுருங்கும் தசை, இன்சுலின் என்ற சுரப்பின் தயவை முழுவதும் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீரிழிவு வீட்டுக்கு வீடு நுழைந்துள்ள தமிழ்நாட்டில், உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடப்பதன் பொருள் இதுவே. பயின்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் குருதியைத் தள்ளுவதால், ஓய்வில் குறைவாகத் துடித்தே வேலையை முடிக்கிறது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை இறுக்கிக்கொள்கிறது. முதுமையில் கழிப்பறை இருக்கையிலிருந்து கையூன்றாமல் எழுவதற்கும், கால் இடறும்போது விழாமல் நிலைகொள்வதற்கும் தொடைத் தசையே துணை. அது நடுவயதிலிருந்தே சிறிது சிறிதாகக் கரைகிறது. கரைவதை எந்த வயதிலும் எதிர்க்கலாம் என்பதற்கு 1990-இல் பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில் நடந்த ஆய்வு சான்று. ஏறத்தாழ 90 வயதுள்ள, தளர்ந்த பத்துப் பேர் எட்டு வாரக் கால்தசை எடைப் பயிற்சியில் சேர்ந்தனர். முடித்தவர்களின் தசைவலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. அப்பயிற்சியால் அவர்களுக்கு ஆணழகன் மார்பு வரவில்லை. நடை வேகம் கூடியது.

இன்றைய வணிகக் கூடங்கள் விற்பது பெரும்பாலும் வேறொரு பொருளை. பயிற்சி செய்தால் எடை குறையும் என்பது அவற்றின் உரத்த வாக்குறுதி. உண்மையில், உணவை மாற்றாமல் பயிற்சியால் மட்டும் குறையும் எடை சிறிதே. சில மாதத்தில் முள் நகரவில்லை என்று கட்டணத்தை நிறுத்துபவர், இதயமும் இரத்தச் சர்க்கரையும் தொடைத் தசையும் அடைந்துகொண்டிருந்த நன்மையையும் சேர்த்தே இழக்கிறார். மறுபுறம், கண்ணாடியில் காணும் உருவத்துக்காகத் தசைபெருக்கும் ஊசியையும் மாத்திரையையும் நாடும் இளைஞர், இதயத்தையும் ஈரலையும் ஆண்மைச் சுரப்பையும் பணயம் வைக்கின்றனர். சாண்டோ தொடங்கிவைத்த பார்வைப் பண்பாட்டின் கடைசிப் படி இது. ஆற்றலில் பாதியோடு நிறுத்தச் சொன்ன சுசுருதரின் எச்சரிக்கையே இங்கு அறிவுடையதாகத் தோன்றுகிறது.

தேவைப்படும் அளவு பெரிதன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, வயதுவந்தோருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும் (வேகமாக நடக்கையில் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது), வாரத்தில் இரு நாள் தசைவலிமைப் பயிற்சியும், முதியோருக்குக் கூடுதலாகச் சமநிலைப் பயிற்சியும் போதும். தசைவலிமைப் பயிற்சிக்குத் தண்டாலும் பஸ்கியும் தாராளம். தண்டால் கடினமெனில் சுவரில் கையூன்றிச் செய்யலாம், பஸ்கி கடினமெனில் நாற்காலியில் உட்கார்ந்து எழலாம். இவ்வளவு எளிதாயிருந்தும், 2022 நிலவரப்படி இந்திய வயதுவந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த அளவை எட்டவில்லை; ஆண்களைவிடப் பெண்களிடம் குறை மிகுதி. சாண்டோவும் பயில்வானும் ஆணழகனும் நிறைந்த இவ்வரலாற்றில் பெண்கள் பெரும்பாலும் பார்வையாளராகவே நிறுத்தப்பட்டனர் என்பதும், மாலையில் ஒரு பெண் அச்சமின்றி நடக்கத்தக்க வெளி நம் ஊர்களில் அரிது என்பதும் அந்தக் குறையோடு தொடர்புடையவை.

மாற்றத்தைத் தொடங்குவதற்கான இடம் பள்ளிதான். கால அட்டவணையில் வாரந்தோறும் உடற்கல்விப் பாடவேளை அச்சிடப்பட்டிருக்கிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அது கணக்குக்கோ அறிவியலுக்கோ கடனாகப் போய்த் திரும்பாமல் இருப்பதைப் பெற்றோர் அனைவரும் அறிவர், பெரும்பாலோர் அதை வரவேற்கவும் செய்கின்றனர். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கும் முன், இந்த வாரம் பிள்ளைகள் எத்தனை வேளை மைதானத்தில் ஓடினார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.